லோக்கல் இங்கிலீஷ்

(எபிசோடின் எழுத்து வடிவம். பேச்சு நடையை அப்படியே விட்டு, திரும்பத் திரும்ப வந்த சொற்களை மட்டும் எடுத்திருக்கிறோம்.)

இந்த எபிசோட் நம்ம வழக்கமான ரூம்ல ரெக்கார்ட் பண்ணது இல்ல. பொங்கல் லீவுக்கு ஏற்காட்டுக்கு, அம்மா வீட்டுக்கு வந்திருக்கேன். வாசல்ல காப்பிக்கொட்டை காயுது, மேல தகரக் கூரையில குரங்கு ஓடுது. நடுவுல தடதடன்னு சத்தம் கேட்டா அது எடிட்டிங் தப்பு இல்ல.

இந்த எபிசோடுக்குக் காரணம் என் அக்கா பொண்ணு. பத்தாவது படிக்கிறா. வந்த அன்னைக்கே, "போனைக் கொஞ்சம் கீழ வெச்சிட்டு சாப்பிடேன்டி"ன்னு சொன்னேன். அவ போன்ல இருந்து கண்ணை எடுக்காமலேயே, "சித்தி, நீ செம பூமர்"னு சொல்லிட்டா.

எனக்கு முப்பத்தஞ்சு தாண்டியாச்சு, ஒத்துக்கறேன். ஆனா பூமர்னா அமெரிக்காவுல 1946-ல இருந்து 1964-க்குள்ள பிறந்தவங்க. போர் முடிஞ்சு சிப்பாய்கள் வீடு திரும்பினதும் அங்க பிறப்பு எண்ணிக்கை எகிறுச்சு. அந்த 'பூம்'ல பிறந்தவங்கதான் பூமர். அந்தக் கணக்குல எங்க அப்பா பூமர், நான் இல்ல. இதை அவகிட்ட விளக்கினேன். "பாத்தியா, இப்படி விளக்குறதுதான் பூமர்"னா. பேச்சு அத்தோட முடிஞ்சுது.

அவ சொன்னது சரின்னு ராத்திரி தோணுச்சு. தமிழ்ல பூமருக்குப் பிறந்த வருஷம் தேவையில்ல, அட்வைஸ் பண்ணா போதும். இருபது வயசுப் பையன் தங்கச்சிகிட்ட "படிக்கிற வேலையைப் பாரு"ன்னு சொன்னா அவனும் பூமர். அமெரிக்காவுல ஒரு தலைமுறையோட பேரு; இங்க வந்ததும் ஒரு குணத்தோட பேரா ஆயிடுச்சு.

அப்புறம்தான் யோசிச்சேன். எங்க வீட்டுலயே நாலு தலைமுறை இங்கிலீஷ் இருக்கு. இலக்கணப் புத்தகத்துல வர்ற இங்கிலீஷைச் சொல்லல. ஸ்லாங். தாத்தாவோடது வேற, அப்பாவோடது வேற, என்னோடது வேற, இவளோடது வேற. ஒருத்தரோட ஸ்லாங் இன்னொருத்தருக்குக் கேலியா இருந்திருக்கு. அதுல ஒரு கேலியை நானே பண்ணேன். அதைச் சொல்லத்தான் இந்த எபிசோட். கொஞ்சம் சுத்தி வளைச்சு வர்றேன்.

முதல்ல ஊர். சேலத்துல இருந்து 20 கொண்டை ஊசி வளைவு ஏறினா ஏற்காடு. சேர்வராயன் மலையில சுமார் 1,500 மீட்டர் உயரம். 1820-கள்ல சேலம் கலெக்டரா இருந்த காக்பர்ன்ங்கிற வெள்ளைக்காரர்தான் இந்த மலைக்குக் காப்பியைக் கொண்டு வந்தவர். காப்பி வந்தா எஸ்டேட் வரும், எஸ்டேட் வந்தா பங்களா, பங்களா வந்தா சமையல்காரரும் பட்லரும். வெள்ளைக்காரங்க குளிருக்காக வந்த ஊர்ல போர்டிங் ஸ்கூலும் வரும். மான்ட்ஃபோர்ட் 1917-ல ஆரம்பிச்சது. சசி தரூர் சின்னப் பையனா அங்க படிச்சிருக்கார், நடிகர் விக்ரமும் அங்கதான் படிச்சார். அகராதியைத் தேட வைக்கிற தரூர் இங்கிலீஷுல எங்க மலைக்கும் ஒரு துளி பங்கு இருக்குன்னு நாங்க பீத்திக்கலாம்.

எங்க தாத்தா இந்த ரெண்டுல முதல் வகை. பங்களா ஆள். பதினாலு வயசுல ஒரு எஸ்டேட் பங்களாவுல சொக்ராவா சேர்ந்தார். சொக்ரான்னா எடுபிடிப் பையன். அப்புறம் மேட்டி, அதாவது பட்லருக்கு உதவியாள். அப்புறம் பட்லர். இந்தப் பதவி உயர்வுக்கு அவருக்கு இருபது வருஷம் ஆச்சு. ஸ்கூலுக்குப் போனது மூணாவது வரைக்கும். இங்கிலீஷ் எழுத்துல கையெழுத்து கூட போடத் தெரியாது. ஆனா இங்கிலீஷ் பேசுவார்.

அவர் பேசுற 'டிபன்' நம்ம டிபன் இல்ல. அவருக்கு டிபன்னா மத்தியானம் துரைக்குக் கொடுக்கிற லேசான சாப்பாடு. நமக்கு டிபன்னா இட்லி, தோசை, பொங்கல். பெங்களூர்ல என்கூட வேலை பார்த்த மும்பைக்காரனுக்கு டிபன்னா டப்பா. "என் டிபனைக் காணோம்"னு அவன் தேடினப்போ, யாரோ அவனோட இட்லியைத் தின்னுட்டாங்கன்னு நான் நினைச்சேன். அவன் தேடினது காலி டப்பாவை.

இந்த வார்த்தை எங்கிருந்து வந்துச்சுன்னு பார்த்தா இன்னும் வேடிக்கை. இங்கிலாந்துல 'டிஃபிங்'னு ஒரு கொச்சை வார்த்தை இருந்தது. சாப்பாட்டு நேரம் இல்லாத நேரத்துல எதையாவது கொறிக்கிறது, ஒரு வாய் குடிக்கிறது. 1785-ல ஃப்ரான்சிஸ் க்ரோஸ்ங்கிறவர் போட்ட கொச்சைச் சொல் அகராதியில அது இருக்கு. அங்க அந்த வார்த்தை செத்துப் போச்சு. இங்க ஊருக்கு நாலு டிபன் சென்டர். ஒரு காலத்து லண்டன் ஸ்லாங் இன்னைக்கு நம்ம மாமிகளோட ரொம்ப மரியாதையான சொல். "டிபன் பண்ணிட்டீங்களா?"ன்னு சம்பந்தி வீட்டுல கேக்கிறோம்.

அடுத்து அப்பா. அவர் ஒரு போர்டிங் ஸ்கூல் டைனிங் ஹால்ல பரிமாறுற வேலை. ஸ்கூல் பேர் வேண்டாம். நாங்க படிச்சது அரசுப் பள்ளி, தமிழ் மீடியம். ஆனா அப்பா தினமும் ராத்திரி பசங்க வாயில இருந்து பொறுக்கின வார்த்தைகளைக் கொண்டு வருவார். வீட்டுக்குள்ள நுழையும்போதே அம்மாகிட்ட, "இன்னைக்கு என்ன கிரப்?" கிரப்னா சாப்பாடு, இங்கிலாந்துப் பேச்சு வழக்கு. ரொம்ப நாளைக்கு நானும் அக்காவும் கிரப்னா ஒரு குழம்புன்னு நினைச்சுட்டு இருந்தோம். இன்னொரு தடவை சோறு வேணும்னா 'செகண்ட்ஸ்'. தின்பண்டம்னா 'டக்'. இதெல்லாம் பழைய இங்கிலீஷ் போர்டிங் ஸ்கூல் மொழி. வெள்ளைக்காரன் போன பிறகும் ஏற்காடு, ஊட்டி மாதிரி மலை ஊர்ப் பள்ளிக்கூடங்கள்ல அது தங்கிடுச்சு. கேரளாப் பையன், கல்கத்தாப் பையன், துபாய்ல அப்பா வேலை பார்க்கிற பையன், யார் வந்தாலும் ஒரே வாரத்துல 'டக்'னு சொல்லக் கத்துக்குவான். அதைச் சொன்னாதான் அவன் உள்ளாள்.

2006. சேலத்துல ஒரு இன்ஜினியரிங் காலேஜ், ஹாஸ்டல். வீட்டுல இருந்து முப்பது கிலோமீட்டர்தான், ஆனா எனக்கு அது வேற நாடு. முதல் வாரம் மெஸ்ல தட்டோட நின்னுட்டு, பழக்க தோஷத்துல "இன்னைக்கு என்ன கிரப்?"னு கேட்டுட்டேன். மெஸ்ஸே திரும்பிப் பார்த்துச்சு. "ஏய், பீட்டரு!"

பீட்டர்னா உங்களுக்குத் தெரியும். தேவையில்லாம இங்கிலீஷ் பேசி பந்தா பண்றவங்க. (ஏற்காட்டுல கிறிஸ்தவக் குடும்பங்கள் நிறைய. நிஜமாவே பீட்டர்ங்கிற பேர்ல ஆளுங்க உண்டு. எங்க தெருவுல இருந்த பீட்டர் அண்ணனுக்கு இங்கிலீஷ் சுத்தமா வராது, பாவம்.) எனக்கு நாலு வருஷமும் அதே பேர். 'மலை பீட்டர்'. ஆனா உண்மை என்னன்னா, எனக்கு அப்போ இங்கிலீஷ்ல ஒரு முழு வாக்கியம் அமையாது. வைவால வாயைத் திறந்தா காத்துதான் வரும். என்கிட்ட இருந்தது அப்பா கொண்டு வந்த ஒரு இருபது வார்த்தை. அது ஒரு பணக்கார ஸ்கூலோட வார்த்தைன்னு அவங்களுக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது. வாசனை மட்டும் தெரிஞ்சிருக்கு.

காலேஜ் எனக்கு வேற ஒரு இங்கிலீஷ் கத்துக் கொடுத்துச்சு. "இன்டர்னல்ல கப்பு, வைவால பல்பு, ஆனா சீனுக்கு மட்டும் குறைச்சல் இல்ல." இந்த வாக்கியத்துல பெயர்ச்சொல் எல்லாம் இங்கிலீஷ். லண்டன்காரர் ஒருத்தர்கிட்ட சொல்லிப் பாருங்க. உள்ளே ஒரு கோப்பை, வாய்மொழித் தேர்வுல ஒரு மின்விளக்கு, காட்சிக்குப் பஞ்சமில்லைன்னு புரிஞ்சுப்பார். நமக்கு ஒரு முழு மனுஷனே கண்ணு முன்னாடி நிக்கிறான்.

ரெண்டாம் வருஷம் நான் ரென் அண்ட் மார்ட்டின் இலக்கணப் புத்தகத்தைப் பிடிச்சேன். வெறி. பஸ்ல படிப்பேன், லைன்ல நிக்கும்போது படிப்பேன். டென்ஸ் பன்னிரண்டும் தலைகீழா சொல்வேன். அந்த வருஷம் கோடை விழாவுக்கு காலேஜ் ஃப்ரெண்ட்ஸ் அஞ்சு பேர் ஏற்காடு வந்தாங்க. ஏரியில போட், மிளகாய் பஜ்ஜி, லேடீஸ் சீட்டு எல்லாம் முடிச்சு எங்க வீட்டுக்கு வந்தாங்க.

தாத்தா திண்ணையில உக்காந்திருந்தார். எழுபத்தி எட்டு, எழுபத்தி ஒன்பது வயசு. பேத்தியோட காலேஜ் ஃப்ரெண்ட்ஸ், மரியாதையான இடத்துப் பிள்ளைங்கன்னு நினைச்சு எழுந்து நின்னார். தோள் துண்டைச் சரி பண்ணிட்டு, பங்களாவுல விருந்தாளிக்குச் சொல்ற மாதிரியே சொன்னார்: "ப்ளீஸ் சிட்டிங். ஐ டெல்லிங், டீ கம்மிங்." கொஞ்ச நேரம் கழிச்சு, உள்ள சொல்லிட்டு வந்து: "ஐ டன் டெல்."

ஒருத்தி சிரிப்பை அடக்க முடியாம வாயைப் பொத்திக்கிட்டா. எனக்கு உடம்பெல்லாம் கூசுச்சு. நான் என்ன பண்ணியிருக்கணும்னு இப்போ தெரியும். அப்போ பண்ணது: "தாத்தா, அது ஐ டெல்லிங் இல்ல, ஐ வில் டெல். ஐ டன் டெல் இல்ல, ஐ ஹேவ் டோல்ட். தெரியலன்னா தமிழ்லயே பேசுங்க." எல்லார் முன்னாடியும். சத்தமா.

அவர் ஒண்ணும் சொல்லல. "சரி சாமி"ன்னார். டீ வந்துச்சு, குடிச்சோம், கிளம்பினோம். அதுக்கப்புறம் என் முன்னாடி அவர் இங்கிலீஷ்ல ஒரு வார்த்தை பேசி நான் கேட்டதில்ல. 2009-ல இறந்துட்டார்.

[இங்க ஒரு சின்ன இடைவெளி விட்டுட்டேன். டீ குடிச்சிட்டு வந்தேன்.]

2010, பெங்களூர். முதல் வேலை. கம்பெனி பேர் வேண்டாம். இப்போ என்கிட்ட இலக்கணம் இருக்கு. எழுத்துத் தேர்வுல நல்ல மார்க். இனிமே யார் என்ன கேள்வி கேட்டாலும் சமாளிச்சிடலாம்னு போனேன்.

முதல் நாள் டீம் லஞ்ச். எல்லாரும் காலேஜ் கதை பேசுறாங்க. நானும் தைரியமா, "எனக்கு மூணாவது செமஸ்டர்ல ரெண்டு அரியர் இருந்துச்சு"ன்னு இங்கிலீஷ்ல சொன்னேன். டெல்லிப் பொண்ணு கண்ணை விரிச்சு, "வாவ், எவ்வளவு வந்துச்சு?"ன்னா. அவளுக்கு அரியர்னா பாக்கிச் சம்பளம்! படிக்கும்போதே எனக்கு எங்கிருந்தோ பணம் வரவேண்டியிருந்ததுன்னு நினைச்சுட்டா. ஃபெயில் ஆனா அவ ஊர்ல 'பேக்'. ஹைதராபாத் பையனுக்கும் கொச்சிப் பையனுக்கும் 'சப்ளி'. மும்பைக்காரனுக்கு 'கேட்டி'. ஒரே இந்தியா, ஒரே மாதிரி பேப்பர், ஒரே மாதிரி ஃபெயில். சொல்றதுக்கு ஊருக்கு ஒரு வார்த்தை. இதுல தமிழ்நாடு மட்டும்தான் அதைக் கடன் மாதிரி பார்த்திருக்கு. கட்டித் தீர்க்க வேண்டிய பாக்கி. எனக்கு என்னவோ நம்ம வார்த்தைதான் நேர்மையானதுன்னு படுது.

அது வரைக்கும் தமாஷ். அடுத்தது தமாஷ் இல்ல. அமெரிக்க க்ளையன்ட்டோட முதல் கால். அறிமுகப்படுத்திக்கச் சொன்னாங்க. "ஐ பாஸ்ட் அவுட் இன் 2010"னேன். அந்தப் பக்கம் ஒரு அம்மா, நிஜமான அக்கறையோட, "அடடா, இப்போ உடம்பு பரவாயில்லையா?"ன்னு கேட்டாங்க. அங்க பாஸ் அவுட்னா மயக்கம் போட்டு விழறது. எங்க டீம்ல மைக்கை அணைச்சிட்டு சிரிச்ச சிரிப்பு எனக்கு இன்னும் காதுல இருக்கு. சிரிச்சவங்கள்ல பாதிப் பேர் தங்களோட பயோடேட்டாவுல அதையேதான் எழுதி வெச்சிருந்தாங்க. அது வேற கதை.

அடுத்த வாரம் பேன்ட்ரி பக்கம் போகும்போது சென்னைக்காரர் ஒருத்தர் இன்னொருத்தர்கிட்ட சொல்றது காதுல விழுந்துச்சு. "பொண்ணு நல்லா கோட் அடிக்கும். ஆனா கொஞ்சம் லோக்கல். க்ளையன்ட் முன்னாடி வேண்டாம்."

லோக்கல். இந்த ஒரு வார்த்தையை எடுத்துக்கோங்க. இங்கிலாந்துல 'லோக்கல்'னா வீட்டுப் பக்கத்துல வழக்கமா போற மதுக்கடை, பாசமான சொல். மும்பையில லோக்கல்னா ரயில், அந்த ஊரோட உயிர். ஏற்காட்டுல டூரிஸ்ட் வந்து "லோக்கல் ஆளா?"ன்னு கேட்டா வழி கேக்கப் போறாங்கன்னு அர்த்தம், நாங்க நிமிர்ந்து நிப்போம். சென்னைத் தமிழ்ல லோக்கல்னா மட்டம். பேச்சு லோக்கல், டேஸ்ட் லோக்கல், ஆளே லோக்கல். ஊர்க்காரன்ங்கிற சொல்லே திட்டா மாறினது எப்படின்னு யோசிச்சா, அதை முதல்ல சொன்னது யாரா இருக்கும்னும் யோசிக்க வேண்டியிருக்கு. எந்த ஊரும் தன் ஊர் இல்லைங்கிற மாதிரி பேசுறவங்கதான் அப்படிச் சொல்ல முடியும்.

கணக்கு போட்டுப் பாருங்க. பதினேழு வயசுல நான் பீட்டர். இருபத்தி ஒண்ணுல நான் லோக்கல். அதே வாய். நடுவுல என் இங்கிலீஷ் நல்லாத்தான் ஆகியிருந்தது.

எட்டு மாசம் என்னைக் கால்ல பேச விடல. ஆன்சைட் லிஸ்ட்ல என் பேர் வரல. அந்த எட்டு மாசமும் பேன்ட்ரியில நின்னு மத்தவங்க காப்பியைப் பத்தி வர்ணிக்கிறதைக் கேட்டேன். அராபிகா, ரோஸ்ட், நோட்ஸ். அவங்க யாருக்கும் 'ஃப்ளை பிக்கிங்'னா என்னன்னு தெரியாது. எங்க அம்மாவுக்குத் தெரியும். முப்பது வருஷம் பறிச்சிருக்காங்க. ஈ பிடிக்கிற வேலையான்னு நான் சின்ன வயசுல கேட்டிருக்கேன். முதல்ல அங்கங்க பழுத்த பழத்தை மட்டும் பொறுக்கிப் பறிக்கிறதுதான் அது. மொட்டை விரிய வைக்கிற கோடை மழைக்கு 'பிளாசம் ஷவர்'. அதுக்கு அடுத்து, பிஞ்சு நிக்கிறதுக்கு வர்ற மழைக்கு 'பேக்கிங் ஷவர்'. "பிளாசம் வந்தாச்சு, பேக்கிங் வரல"ன்னு அம்மா வானத்தைப் பார்த்துட்டு சொல்வாங்க. கையெழுத்து மட்டும் போடத் தெரிஞ்ச ஒருத்தங்களோட இங்கிலீஷ். இலங்கை மலையகத் தேயிலைத் தோட்டத்துல காலையில வேலைக்கு ஆள் கூடுற இடத்துக்கு 'பெரட்டுக்களம்'னு பேர். பெரட்டு, 'பரேட்'ல இருந்து வந்தது. இந்த வார்த்தைங்க எல்லாம் மட்டக் குதிரை மாதிரி மலை ஏறி வேலை செஞ்சவை. இதுக்கு யாரும் மார்க் போடறதில்ல.

இப்போ தாத்தாகிட்ட திரும்ப வர்றேன்.

அந்த எட்டு மாசத்துல ஒரு ஞாயித்துக்கிழமை சர்ச் ஸ்ட்ரீட் பழைய புத்தகக் கடையில ஒரு தடிப் புத்தகம் கிடைச்சுது. ஹாப்சன்-ஜாப்சன். 1886-ல வந்த ஆங்கிலோ-இந்தியச் சொல் அகராதி. ஹென்றி யூல், பர்னெல்னு ரெண்டு பேர் தொகுத்தது. பர்னெல் நம்ம மதராஸ் சர்வீஸ் ஆள், தஞ்சாவூர்ல ஜட்ஜா இருந்தவர். புத்தகம் வர்றதுக்கு முன்னாடியே 1882-ல இறந்துட்டார். புத்தகத்தோட பேரே ஸ்லாங். மொஹரம் ஊர்வலத்துல "யா ஹசன், யா ஹுசேன்"னு கத்துறது பிரிட்டிஷ் சிப்பாய் காதுல விழுந்து, அவன் வாயில 'ஹாப்சன்-ஜாப்சன்'னு ஆச்சு. அறிஞர்கள் ரெண்டு பேர் தங்களோட வாழ்நாள் உழைப்புக்குச் சிப்பாயோட உளறலைப் பேரா வெச்சிருக்காங்க. அதுக்கே அவங்களைப் பிடிச்சுப் போச்சு.

சும்மா புரட்டிட்டு இருந்தேன். 'பட்லர் இங்கிலீஷ்'னு ஒரு பதிவு. மதராஸ் மாகாணத்துல வேலைக்காரங்க பேசுற உடைஞ்ச இங்கிலீஷ்னு போட்டு, உதாரணம் கொடுத்திருந்தாங்க. 'ஐ டெல்லிங்'னா நான் சொல்வேன். 'ஐ டன் டெல்'னா நான் சொல்லிட்டேன். 'டன் கம்'னா வந்தாச்சு.

கடையிலயே தரையில உக்காந்துட்டேன்.

தாத்தா பிறக்கிறதுக்கு நாப்பது வருஷத்துக்கு முன்னாடியே அச்சுல வந்த இலக்கணம் அது. அவர் தப்புத் தப்பா பேசல. ஒரு முறைப்படி பேசியிருக்கார். தலைமுறை தலைமுறையா சமையக்கட்டுல கைமாறி வந்த முறை. இன்னொண்ணும் அதுல போட்டிருந்தாங்க: துரைங்களும் வேலைக்காரங்ககிட்ட இதே மாதிரிதான் பேசினாங்களாம். அப்போ தாத்தா இதை யார்கிட்ட கத்துக்கிட்டார்? பாதி அந்தத் துரை வாயில இருந்தே. வெள்ளைக்காரன் பேசினா வசதிக்குப் பேசினது, தாத்தா பேசினா உடைஞ்சது.

அப்புறம் 'டன்'. யோசிச்சுப் பாருங்க. தமிழ்ல 'வந்தாச்சு', 'சொல்லியாச்சு', 'முடிஞ்சாச்சு'. வேலை தீர்ந்ததுங்கிறதைச் சொல்ல நமக்கு அந்த 'ஆச்சு' வேணும். இங்கிலீஷ்ல அதுக்கு ஒரு இடம் தேடி, 'டன்'னை எடுத்து வெச்சிருக்காங்கன்னு நான் நினைக்கிறேன். 'டன் டெல்', சொல்லியாச்சு. எவ்வளவு அழகா உக்காருது! சிங்கப்பூர்ல "ஈட் ஆல்ரெடி"ன்னு சொல்றதும் இதே ஏற்பாடுதான். அங்க சீன மொழிக்காரங்க தங்களோட 'ஆச்சு'வுக்கு 'ஆல்ரெடி'யைப் பிடிச்சிருக்காங்க. ஆஸ்திரியாவுல ஹியூகோ ஷூகார்ட்னு ஒரு மொழியியல் அறிஞர் 1891-லயே இந்திய இங்கிலீஷைப் பத்தித் தனிக் கட்டுரை எழுதியிருக்கார். அவருக்கு இருந்த ஆர்வம் எனக்கு என் வீட்டுத் திண்ணை மேல இருக்கல.

இப்போ நேத்து ராத்திரிக்கு வாங்க. அக்கா பொண்ணு ஒரு அமெரிக்க ராப்பரோட ரீல் பார்த்துட்டு இருந்தா. அதுல அந்த ஆள் "ஐ டன் டோல்ட் யூ"ன்னு சொன்னார். அவளும் அதே ஸ்டைல்ல கையை ஆட்டிட்டு, "ஐ டன் டோல்ட் யூ, சித்தி"ன்னா. எனக்குப் பக்னு ஆச்சு.

அது அமெரிக்கக் கறுப்பின மக்களோட பேச்சு. 'டன்' அங்கயும் அதே வேலையைத்தான் செய்யுது, சொல்லி முடிச்சாச்சுங்கிற அழுத்தம். அங்கயும் ஸ்கூல்ல சிவப்பு மையால சுழிச்சாங்க, தப்பு இங்கிலீஷ்னாங்க. 1996-ல கலிஃபோர்னியாவுல ஓக்லாந்து பள்ளி வாரியம், இதுவும் ஒரு முறையான பேச்சு, இதைப் புரிஞ்சுக்கிட்டு அதுல இருந்து பாடம் சொல்லிக் கொடுப்போம்னு தீர்மானம் போட்டப்போ நாடு முழுக்கச் சண்டை. இன்னைக்கு இந்தப் பசங்க வாயில வர்ற 'ஸ்லே', 'நோ கேப்' மாதிரி பாதி வார்த்தை அந்த மக்கள்கிட்ட இருந்து கிளம்பினதுதான். ஆக்ஸ்ஃபோர்ட் 2023-ல ஆண்டின் சொல்லாத் தேர்ந்தெடுத்த 'ரிஸ்' கூட யூடியூப், ட்விட்ச் வழியாத்தான் பரவுச்சு. ரீல்ல வந்தா ஸ்டைல், ஏழாம் வகுப்புப் பேப்பர்ல எழுதினா தப்பு.

இதுங்ககிட்ட அர்த்தமே இல்லாத வார்த்தையும் இருக்கு. 'சிக்ஸ் செவன்'. டிக்‌ஷனரி டாட் காம் 2025-க்கு அதைத்தான் ஆண்டின் சொல்லா அறிவிச்சுது. என்னடி அர்த்தம்னு கேட்டேன். "அர்த்தம் கேட்டா நீ அவுட்"னா. டைனிங் ஹால்ல 'டக்'னு சொன்ன பசங்க ஞாபகம் வந்தாங்க.

அவகிட்ட திண்ணைக் கதையைச் சொன்னேன். இதுவரைக்கும் யார்கிட்டயும் முழுசா சொன்னதில்ல, அக்காகிட்ட கூட. தாத்தா எழுந்து நின்னது, துண்டைச் சரி பண்ணது, "ஐ டன் டெல்", அப்புறம் நான் சொன்னது, எல்லாம். போனைக் கீழ வெச்சிட்டுக் கேட்டா. கொஞ்ச நேரம் பேசல. அப்புறம், "நீ அப்போவே பூமர்தான் சித்தி"ன்னா. இந்த முறை நான் விளக்கம் சொல்லல.

"அப்போ கொள்ளுத் தாத்தாதான் ஓஜி"ன்னு சொல்லிட்டு திரும்பப் போனை எடுத்துட்டா.

இன்னைக்குக் காலையில கொட்டை கிளறிட்டு இருந்த அம்மாகிட்ட போய், "அம்மாயி, ஐ டன் ஈட்"னு சொல்றா. அம்மா திரும்பிப் பார்த்துட்டு, "உங்க கொள்ளுத் தாத்தா மாதிரியே பேசுற"ன்னாங்க. எங்க அம்மாவுக்கு அவர் மாமனார். முப்பது வருஷம் ஒரே வீட்டுல இருந்தவங்க. அவர் இங்கிலீஷை ஒரு தடவையும் திருத்தினதில்ல.

சரி மக்களே, குரங்கு திரும்ப வந்துடுச்சு, முடிச்சுக்கறேன். ஒரு வேலை கொடுக்கிறேன். உங்க ஊர்ல, உங்க காலேஜ்ல ஃபெயில் ஆனா என்ன சொல்வீங்க? கப்பு, அரியர், பேக், சப்ளி, கேட்டி என்கிட்ட இருக்கு. அதுல இல்லாத ஒண்ணு இருந்தா வாய்ஸ் நோட் அனுப்புங்க, ஊர் பேரோட. உங்க வீட்டுல தாத்தாவோ பாட்டியோ ஒரு விசித்திரமான இங்கிலீஷ் வார்த்தை சொல்வாங்கன்னா, அதை அவங்க குரல்லயே ரெக்கார்ட் பண்ணி அனுப்பினா இன்னும் நல்லது. என்கிட்ட எங்க தாத்தா குரல் இல்ல.